மலிவாய்த் தோன்றிய வங்கிப் பங்கு



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்குக் கோடியிலுள்ள சியாட்டில் நகரத்தின் வணிகப் பகுதி, 1889ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆந் திகதி தீக்கிரையாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 25ஆந் திகதி, வீடு கட்டுவோருக்குக் கடனுதவும் நோக்குடன் அங்கே ஒரு சங்கம் பதிவு செய்யப்பட்டது. பிற்காலத்தில் வாஷிங்டன் மியூச்சுவல் என்னும் பெயருடன் நாடெங்கும் கிளை பரப்பிய வங்கி அதுவே. சரியாக 119 ஆண்டுகளின் பின், 2008ஆம் ஆண்டு அதே திகதியில் அரசாங்கம் அதனை மூடிற்று. ஏறக்குறைய 30,700 கோடி டொலர் சொத்துடைய அவ்வங்கியின் வீழ்ச்சியே அமெரிக்க வரலாற்றில் மிகப் பெரிய வங்கி வீழ்ச்சியாகும்.

வீழ்ச்சிக்குக் காரணம் யாது? வீட்டு விலைகள் ஏறிய காலத்தில், மாத வட்டியைக்கூட முழுமையாகச் செலுத்த வேண்டாத கடன்களை அவ்வங்கி தாராளமாக வழங்கியது. செலுத்தப்படாத வட்டி முதலோடு சேர, கடன் வளர்ந்தது. விலை ஏறியவரை ஈடு போதுமானதாகவே தோன்றிற்று. 2006ஆம் ஆண்டின் பின் விலைகள் இறங்கவே, பலரது கடன் அவர்தம் வீட்டின் பெறுமதியை விஞ்சிற்று.

2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 40 டொலருக்கு மேல் விலைபோன பங்கு, அடுத்த ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மிக மலிவாய்க் காணப்பட்டது. அப்பொழுது அனுபவம் மிக்க முதலீட்டாளர் குழுவொன்று, பங்கொன்றுக்கு 8.75 டொலர் வீதம் கணக்கிட்டு, 700 கோடி டொலரை அவ்வங்கியில் இட்டது. ஆறு மாதங்கள் நிறையுமுன்னே அம்முதல் கரைந்தது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. வங்கி கொடுத்த கடன் 100 ரூபா எனக் கொள்வோம். அதில் 92 ரூபா வைப்பாளர் முதலிய பிறருடையது. 8 ரூபாவே பங்குதாரருடையது. நூற்றுக்கு எட்டு வீதக் கடன் திரும்பாதொழியின், பங்குதாரர் முதல் முழுவதும் அழியும். பங்கு மலிவென்று சொல்வோர் வங்கியின் ஏட்டிலுள்ள மூலதனத்தோடு விலையை ஒப்பிடுவர். ஆயின் வீட்டு விலை இறங்கத் தொடங்கியபின் வருநாளில் மீளாத கடன் எவ்வளவென்பதை அவ்வேடு முழுமையாகக் காட்டுவதில்லை. நட்டம் ஏட்டில் ஏறுமுன்னே மலிவைக் கண்டு வாங்குபவர், அந்நட்டத்தையும் உடன் வாங்குகின்றார்.

2008 செப்டெம்பர் 15ஆந் திகதி லேமன் பிரதர்ஸ் நிறுவனம் முறிந்தது. அச்சமுற்ற வைப்பாளர்கள் பத்து நாட்களுள் 1,670 கோடி டொலரை வாஷிங்டன் மியூச்சுவலிலிருந்து மீட்டனர். வங்கியை மூடிய அன்றே ஜே.பி.மோர்கன் சேஸ் 190 கோடி டொலருக்கு அதனைப் பெற்றது. வைப்பாளர் ஒரு காசும் இழக்கவில்லை. பங்குதாரரோ ஏறக்குறைய யாவும் இழந்தனர். கடன் கொடுத்தோர் அனைவருக்கும் பின்னரே அவர்தம் உரிமை என்பது சட்டம்.

அந்நெருக்கடியில் எல்லா வங்கிகளும் வீழ்ந்துவிடவில்லை. தப்பியவற்றின் பங்கை வாங்கிப் பயனடைந்தோரும் உளர். ஆதலின் விலை எவ்வளவு இறங்கிற்று என்பதைப் பார்த்து மட்டும் வங்கிப் பங்கை வாங்குதல் தகாது. அவ்வங்கியின் கடன்களுக்கு ஈடாய் நிற்கும் வீடுகள் இன்று என்ன விலை பெறும் என்பதையும் உசாவுதல் வேண்டும்.