அகத்தியர் கூடம்: ஏறினவர்களும் தடுக்கப்பட்டவர்களும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில், ஆனி ஆடி மாதங்களில் மேற்கே நோக்குவோர்க்குப் பல வேளைகளில் மலையே தெரிவதில்லை, சாரல் மூடிக்கொள்கிறது. பேரருவியில் ஆடவர்க்கு ஓரிடம், பெண்டிர்க்கு ஓரிடம் எனப் பிரித்திருக்கிறார்களேயன்றி, நீர் எல்லார் தலையிலும் ஒன்றுபோலவே விழுகிறது. அருவி விழும் பாறையை விட்டு மேலே ஏறத் தொடங்கினால்தான் கணக்கு மாறுகிறது. யார் ஏறலாம், யார் சுமக்கலாம், ஏறினவருள் எவர் பெயர் ஏட்டில் நிற்கும் என்னும் வினாக்கள் அங்கே எழுகின்றன. குற்றாலத்திற்குத் தெற்கே, அதே மலைத்தொடரில் 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர் கூடம் இவ்வினாக்களோடு நெடுங்காலமாகத் தொடர்புடையது.

அதற்குமுன் நம் முன்னோர் பாவா ஆதம் மலை என்றழைத்த இலங்கைச் சிகரத்தை நினைவுகூர்தல் தகும். மொரோக்கோவின் தன்ஜா நகரில் பிறந்த இப்னு பதூதா 1344-ஆம் ஆண்டு புத்தளத்தில் கரையிறங்கினார். அங்கிருந்த தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, விருப்பம் யாதெனக் கேட்டார். ஆதம் நபியின் பாதச்சுவட்டைத் தரிசிப்பதே என்றார் பயணி. மன்னர் ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வரையும், அந்தணர் மூவரையும், தம் பரிவாரத்தார் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் துணையாக அனுப்பிவைத்தார். ஒரு முஸ்லிம் பயணி மலையேற, யோகியரும் அந்தணரும் வழிகாட்டிச் சென்ற காட்சி அது.

ஆயினும் இந்த இணக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. முற்காலத்தில் அந்நாட்டார் முஸ்லிம்களை அம்மலைக்கு விடாது தடுத்தனர், அவர்களோடு உண்ணவும் மாட்டார்கள் என்று இப்னு பதூதாவே எழுதுகிறார். அந்நிலை மாறியதற்கு அவர் சொல்லும் காரணம் சுவையானது. ஹிஜ்ரி 371-இல் மறைந்த ஷீராஸ் நகரத்து ஞானி இப்னு கஃபீஃப், சீடர்கள் சிலருடன் அம்மலைக் காட்டில் வழிதவறினாராம். பசி தாங்காத சீடர்கள், ஷைகு தடுத்தும் கேளாமல் ஒரு யானைக்கன்றைக் கொன்று தின்றனர். இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவரையும் மோந்து பார்த்து, தின்றவரையெல்லாம் கொன்றன. தின்னாத ஷைகை மட்டும் ஒரு யானை துதிக்கையால் தூக்கி முதுகில் இருத்தி, ஊருக்குக் கொணர்ந்து இறக்கியது. அன்றுமுதல் அந்நாட்டார் முஸ்லிம்களை மதித்து, தம் இல்லங்களிலும் இடமளித்தனர். கதையின் உண்மையை ஆராய நாம் முற்படவில்லை. தடை நீங்கியதற்கு வாளையோ ஆணையையோ காட்டாமல், காட்டுயிரிடம் ஒருவர் நடந்துகொண்ட முறையைக் காட்டுகிறதே, அதுதான் நம் கருத்தைக் கவர்கிறது.

இனிப் பொதிகைக்கு வருவோம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஆலன் பிரவுன் 1852-இல் திருவிதாங்கூர் மன்னரின் வானாய்வுக் கூடத் தலைவரானார். காந்த அளவைகளையும் தட்பவெப்ப அளவைகளையும் மலைமீது எடுத்து ஒப்பிட விரும்பி, அகத்தியர் கூட உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1857-இல் அவர் அறிக்கை அச்சேறியது. அறிஞர் பெயரையும் அறிவோம், மன்னர் பெயரையும் அறிவோம். யானைக்காட்டின் வழியே கருவிகளையும் கட்டுமானப் பொருள்களையும் தோளில் சுமந்து உச்சிவரை சென்றவர்களை எவர் அறிவார்? மலையேற்ற வரலாறு பெரும்பாலும் இவ்வாறே எழுதப்பட்டிருக்கிறது. (தென்காசியில் பிறந்து, நெசவு செய்து, தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகம்மது அப்பா மலைநாட்டில் தனித்திருந்த இடம் பீர்மேடு என்று இன்றும் வழங்குகிறது. ஒரு நெசவாளர் பெயரை மலை காத்துவைத்ததும் உண்டு என்பதற்காக இதனைக் குறிக்கிறோம்.)

இமயத்திற்கு வடமேற்கே காரகோரத்திலும் இதே கதைதான். 1954-இல் இத்தாலியர் கே-2 சிகரத்தை முதன்முதலாக வென்றனர் என்று நூல்கள் கூறும். உச்சியேறிய இருவருக்குரிய பிராணவாயுக் கலங்களைச் சுமந்து சென்றவர்கள் வால்ட்டர் பொனாட்டியும், ஹுன்சா நாட்டு அமீர் மஹ்தியும். சொல்லியிருந்த இடத்தில் கூடாரம் இல்லை. ஜூலை 30 இரவை இருவரும் 8,000 மீட்டருக்கு மேலே திறந்த பனியில் கழித்தனர். உயர்மலைக்குரிய காலணி மஹ்திக்குத் தரப்படவில்லை. படைவீரர் அணியும் சாதாரணக் காலணியே அவர் காலில் இருந்தது. கால்விரல்கள் அனைத்தையும் அவர் இழந்தார். அந்த இரவைப் பற்றிப் பொனாட்டி சொன்னதே உண்மையென இத்தாலிய மலையேறுவோர் சங்கம் ஒப்புக்கொள்ள 50 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் மஹ்தி மறைந்துவிட்டார்.

பொதிகைக் காட்டில் வாழும் காணி மக்களை அறிவியலார் கண்டுகொண்டதும் ஒரு மலையேற்றத்தின்போதுதான். 1987-இல் தாவர ஆய்வாளர் குழுவொன்று அகத்தியமலைக் காட்டில் ஏறிச் சென்றது. ஆய்வாளர்கள் களைத்து விழ, வழிகாட்டிய காணிகள் மட்டும் ஏதோ சிறு காயை மென்றவாறு சோர்வின்றி நடந்தனர். அது என்னவென்று கேட்டபோது அவர்கள் எளிதில் சொல்லிவிடவில்லை. வெளியார்க்கு உரைக்கலாகாத குலமறை அது. வற்புறுத்தலுக்குப் பின் சொன்னார்கள். அந்தச் செடியே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து உருவான ஜீவனி என்னும் மருந்தின் உரிமம் 1995-இல் 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் ஒரு நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. அத்தொகையில் பாதி காணிகளுக்கென முடிவாகி, 1997-இல் அவர்கள் பெயரால் ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. பழங்குடியின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகம் இதனைப் போற்றிற்று. போற்றத்தக்கதே. ஆயினும் பங்கு எவ்வளவு என்பதை வரையறுத்த வேளையில் காணிகள் அங்கே அமர்ந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்தப் பின்னணியில் பெண்கள் வழக்கு எழுந்தது. கேரள வனத்துறை ஆண்டுதோறும் தை மாதத்தில் தொடங்கி அகத்தியர் கூடத்திற்கு ஏற அனுமதி வழங்குகிறது. பெண்களுக்கு அது மறுக்கப்பட்டு வந்தது. பாதை கடினம், பாதுகாப்பில்லை என்பது துறையின் வாதம். அகத்தியர் துறவி, அவர் உறையும் உச்சியில் பெண்கள் கால் படலாகாது என்பது காணிகளின் நம்பிக்கை. (அகத்தியருக்கு உலோபாமுத்திரை என்னும் இல்லாள் உண்டென்று புராணமே கூறுகிறது. எனினும் பிறர் நம்பிக்கையை அவர்தம் ஏட்டைக் காட்டி மடக்குவது நமக்கு உவப்பான செயலன்று.) பெண்கள் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2018 நவம்பர் இறுதியில், பாலினத்தைக் காட்டி எவரையும் தடுத்தல் ஆகாது எனக் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பு அதிகாரி தன்யா சனல், அத்தீர்ப்பின்பின் முதல் பெண்ணாக உச்சியடைந்தார். மலையடிவாரமான போணக்காட்டில் காணிகள் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களில் பெண்களும் இருந்தனர். வழியை மட்டும் அவர்கள் மறிக்கவில்லை.

தீர்ப்பு நேரியது என்பதே நம் துணிபு. பாதை கடினமென்றால் ஆடவர்க்கும் அது கடினமே. உடல்வலியைச் சோதித்து அனுப்பலாமேயன்றி, பெண்ணென்பதையே நோயாகக் கொள்ளலாகாது. 1975-இல் ஜப்பானிய மாது ஜுங்கோ தபேயும், 1984-இல் நம் நாட்டுப் பச்சேந்திரி பாலும் எவரெஸ்ட் உச்சியில் நின்ற பின்னரும் 6,100 அடி மலைக்கு இந்த வாதம் உரைக்கப்பட்டது வியப்பே. ஆயினும் காணிகளின் மனக்குறையை வெறும் மூடத்தனமென ஒதுக்குவோருடன் நாம் உடன்படவில்லை. வேந்தனின் ஆய்வுக்கூடம் எழுந்தபோது அவர்களை எவரும் கேட்டதில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஆடவர் ஏறியபோதும் அவ்வாறே. தம் மலை தம் கையில் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் பிறர் வாயிலாகவே அவர்கள் கேட்டறிந்தார்கள். அந்த வலியைப் பெண்கள் தந்ததாக எண்ணியது அவர்கள் தவறு. வலி பொய்யன்று.

நம் இல்லங்களையும் சற்றே பார்ப்போம். குற்றாலம் செல்லும் நம் குடும்பங்களில் ஆண்பிள்ளைகள் மேலே செண்பகாதேவிப் பக்கம் போக இயலுமா என்று வழி விசாரிப்பார்கள். பெண்பிள்ளைகள் கீழே துணி காவல், சோற்றுப் பாத்திரக் காவல். அவர்களை எவரும் தடுப்பதில்லை; கேட்பதுமில்லை, அவ்வளவே. மக்காவின் ஸஃபா, மர்வா குன்றுகளில் முதலில் ஏறி இறங்கியவர் கைக்குழந்தைக்கு நீர் தேடிய ஹாஜரா அம்மையார். அவர் அடியொற்றியே ஹாஜிகள் அனைவரும் ஸயீ செய்கின்றனர். பின்வந்த ஃபிக்ஹு நூலோர் சிலர், நெரிசலையும் மறைவையும் கருதி, ஸஃபாவின்மேல் ஏறுதல் ஆடவர்க்கே சுன்னத்து, பெண்கள் அடியிலேயே நின்றுகொள்ளலாம் என்று எழுதினர். அவர்கள் காலத்துக்கு அவர்கள் கூறிய காரணம் அது. நம் மாணவர்களுக்கு அப்பாடத்தை நடத்துங்கால், அக்குன்றில் முதலில் ஏறியவர் யாரென்பதையும் சேர்த்தே சொல்லி வருகிறோம்.

பாபநாசத்திற்கு மேலே சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி முதலிய இடங்களில் காணிகளின் குடியிருப்புகள் உள்ளன. உச்சிக்குச் செல்லும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் முன்னே நடந்து யானைத்தடம் பார்த்துச் சொல்பவர் இன்றும் காணி வழிகாட்டிகளே. செல்வோர் அவர்தம் பெயரைக் கேட்டு எழுதிவைக்கிறார்களா என்பதை நாம் அவ்வழி சென்று வந்தோரிடமெல்லாம் விசாரிப்பதுண்டு. இதுவரை இருவரே பெயர் சொன்னார்கள்.