தொண்டும் நஞ்சும்: கிண்டி பாம்புப் பண்ணையின் வரலாற்றில் ஒரு பக்கம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் பழமொழி. அச்சத்தையும் வழிபாட்டையும் ஒருங்கே பெற்ற உயிர் நம் பண்பாட்டில் பாம்பைப்போல் வேறொன்று இல்லை எனலாம். புற்றுக்குப் பால் வார்க்கும் கையே வீட்டுக்குள் நுழைந்த பாம்பைத் தடிகொண்டு அடிக்கிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடையே, அறிதல் என்னும் மூன்றாம் நிலையைப் பொதுமக்களுக்கு உரியதாக்க முயன்ற இடம் கிண்டி பாம்புப் பண்ணை. அதன் வரலாறு பெரும்பாலும் அதைத் தொடங்கியவரின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. நாம் அதனை இங்கே வேறொரு பக்கத்திலிருந்து, ஊதியம் கருதாமலோ சிற்றூதியத்திற்கோ அதனைத் தாங்கி நின்றவர்களின் பக்கத்திலிருந்து, காண முயல்கிறோம்.

அமெரிக்காவில் பிறந்து, சிறுவயதிலேயே இந்தியா வந்து, கொடைக்கானலில் பயின்றவர் ரோமுலஸ் விட்டேகர். மயாமியில் இருந்த ஒரு பாம்புக் காட்சியகத்தில் பில் ஹாஸ்ட் என்பவரிடம் பணியாற்றி, நஞ்செடுக்கும் கலையைக் கற்றுத் திரும்பினார். 1969இல் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் சிறிய அளவில் அவர் தொடங்கிய பாம்புப் பண்ணை, 1972இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. அதே ஆண்டில்தான் இந்திய வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே. ஆயினும் ஒன்று சட்டத்தின் வழியாகவும் மற்றொன்று மக்களின் கண் வழியாகவும் ஒரே வேலையைச் செய்யத் தொடங்கின.

அக்காலத்தில் பாம்புத் தோல் ஒரு பெரிய ஏற்றுமதிச் சரக்கு. செங்கற்பட்டுப் பகுதி இருளர் மக்கள் பாம்பு பிடித்துத் தோல் வணிகர்களுக்கு விற்று வாழ்ந்தனர். மண்ணில் பதிந்த மெல்லிய தடத்தைக் கண்டு, எந்த இனப் பாம்பு, எப்போது சென்றது, எந்த வளைக்குள் இருக்கிறது என்று சொல்லும் திறன் அவர்களுடையது. விட்டேகர் பாம்பு பற்றிய களஅறிவைப் பெற்றதும் அவர்களிடமிருந்தே. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டபோது பாம்புகளுக்கு வாழ்வு கிடைத்தது. ஆனால் இருளருக்கு வாழ்வாதாரம் போயிற்று. இதற்கு விடையாக 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. பிடித்த பாம்பைத் துணி கட்டிய மண்பானையில் சில வாரம் வைத்திருந்து, சிலமுறை நஞ்செடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுவது அதன் முறை. இன்று நாட்டில் நச்சுமுறி மருந்து செய்வதற்கான நஞ்சின் பெரும்பகுதி இச்சங்கத்திலிருந்தே செல்கிறது.

இனி தொண்டர்களுக்கு வருவோம். ஒரு பண்ணை என்பது பாம்பும் குழியும் கண்ணாடிப் பெட்டியும் மட்டுமன்று. வரும் கடிதங்களுக்கு விடை எழுத வேண்டும். கணக்கு வைக்க வேண்டும். அறிக்கை தட்டச்சு செய்ய வேண்டும். குழியைச் சுற்றி நிற்கும் கூட்டத்திற்குச் சாரைக்கும் நாகத்திற்கும் உள்ள வேறுபாட்டைச் சலிக்காமல் சொல்ல வேண்டும். இப்பணிகள் எந்த விருதுப் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஆனால் இவை இல்லாமல் பண்ணை வெறும் வேடிக்கைக் கூடமாகிவிடும். பண்ணையின் செய்தி மடலாக 1976இல் தொடங்கிய 'ஹமாட்ரயாட்' பின்னாளில் ஊர்வன பற்றிய மதிக்கத்தக்க ஆய்விதழாக வளர்ந்தது. ஓர் ஆய்விதழின் வேர் ஒரு சிறிய அலுவலகத்தின் மேசையில் இருந்தது என்பது நினைக்கத்தக்கது.

இவ்வாயில் வழியாக நுழைந்தவர்களுள் முதலில் சொல்லப்பட வேண்டியவர் ஜே. விஜயா. விலங்கியல் மாணவியாக இருந்த அவர் 1978இல் பண்ணைக்குத் தொண்டராக வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஆமைகளைத் தேடி இந்தியாவெங்கும் பயணம் செய்தார். வங்காளக் கரையில் திகாவில் கடலாமைகள் பெருந்திரளாகக் கொல்லப்படுவதை அவர் எடுத்த படங்கள் 'இந்தியா டுடே' இதழில் வெளியாகி, இந்திரா காந்தியின் அரசு நடவடிக்கை எடுக்கக் காரணமாயின. 1912இல் ஹெண்டர்சன் என்பவரால் விவரிக்கப்பட்டபின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாதிருந்த பிரம்பு ஆமையைக் கேரளக் காட்டில் 1982இல் மீண்டும் கண்டறிந்தவர்களுள் முதன்மையானவர் அவரே. 1987இல், முப்பது வயதை எட்டுமுன், அவர் மறைந்தார். 2006இல் அந்த ஆமையின் பேரினத்திற்கு 'விஜயசெலிஸ்' என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. இந்தியாவின் முதல் பெண் ஊர்வனவியலாளர் என்று இன்று அறியப்படுபவர், ஒரு பண்ணையின் தொண்டராகவே தம் பயணத்தைத் தொடங்கினார்.

பொறியியல் மாணவராக இருந்த சதீஷ் பாஸ்கர் மற்றொருவர். 1970களின் தொடக்கத்தில் பண்ணையைச் சார்ந்த சிறு குழுவினர் இரவுகளில் சென்னைக் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை முட்டையிட்ட குழிகளைத் தேடி, முட்டைகளை நாயிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் காத்தனர். 1974இல் முதல் பொரிப்பகம் அமைந்தது. அந்நடையில் தோய்ந்த பாஸ்கர் பின்னர் நாட்டின் கடற்கரையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே அளந்தார், 1982இல் இலட்சத்தீவின் ஆளில்லாத் தீவொன்றில் பல மாதங்கள் தனித்திருந்து ஆமைகளைக் கணக்கெடுத்தார், 2023இல் மறைந்தார். 1988இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அந்த இரவு நடையைச் சென்னையில் இன்றளவும் தொடர்கிறது.

இங்கே ஒரு சொல்லை நாம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. 'தன்னார்வம்' புதிய சொல். 'தொண்டு' பழைய சொல். தொண்டு என்பதற்கு அடிமைத்தனம் என்ற பொருளும் உண்டு, விரும்பி ஏற்ற பணி என்ற பொருளும் உண்டு. பெரியபுராணம் திருத்தொண்டர் புராணம் எனப் பெயர் பெற்றது இரண்டாம் பொருளின் உயர்வால். ஆயின் விரும்பி ஏற்பதற்கும் ஒரு வசதி வேண்டும். ஊதியமில்லாமல் ஓராண்டு உழைக்கக்கூடிய நகரத்து மாணவர் தொண்டர் ஆகலாம். மறுவேளை உணவுக்கு அன்றைய பிடிப்பை நம்பியிருந்த இருளர் எப்படி ஆவார்? அறிவில் ஆசான்களாக இருந்தவர்கள் பதிவேட்டில் கூலியாட்களாகவே நின்றனர். 2023இல் செங்கற்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2018இல் விட்டேகர் பெற்றதும் அதே விருதுதான். மாணவருக்குப் பின் ஐந்தாண்டு கழித்து ஆசிரியர்கள் பெற்ற விருது என்று இதைச் சொல்லலாம்.

இவ்வளவும் சென்னையைச் சுற்றி நடந்த கதை. இதற்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் என்ன தொடர்பு? சாத்தனூர் அணைக்குக் கீழே தென்பெண்ணையின் கரையிலுள்ள இவ்வூர், கள்ளக்குறிச்சி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் அறியப்படுவது. கரும்பு உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பாம்பு உண்டு. காய்ந்த சோகையின் நிறத்தோடு நிறமாகக் கண்ணாடிவிரியன் சுருண்டு கிடக்கும். வெட்டுக்கு வந்து குடிசையில் தரையில் உறங்குபவரை இரவில் கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமற்போகலாம். வயிற்றுவலி என்றெண்ணிக் கிடந்து விடியுமுன் மூச்சு நின்றவர் உண்டு. நல்லபாம்பு, சுருட்டைவிரியன் ஆகியவற்றையும் சேர்த்து, இந்நான்குக்கும் ஒரே நச்சுமுறி மருந்து போதும். அது அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. அங்கே செல்லும் நேரம்தான் மந்திரிப்பதிலும் பச்சிலை தேடுவதிலும் கழிகிறது.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கு 58,000 உயிர்கள். பெரும்பாலோர் சிற்றூரினர், உழவர், கூலித் தொழிலாளர். உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழக அரசு 2024 நவம்பரில், 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் இதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வரவேண்டும். அறிவுரையும் மாறியிருக்கிறது. கடிவாயைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கென்று மருத்துவம் இன்று சொல்கிறது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல், விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முதலுதவி.

கிண்டியில் குழியைச் சுற்றி நின்று தொண்டர்கள் சொன்னதும் சாரத்தில் இதுவே: பாம்பை அறிந்துகொள், அஞ்சாதே, கொல்லாதே, கடித்தால் மருத்துவரிடம் போ. ஆனால் அதைக் கேட்டவர்களுள் பலர் பாம்பை ஆண்டுக்கொரு முறை கண்ணாடிக்குள் மட்டும் பார்ப்பவர்கள். நாள்தோறும் அதனை மிதிக்கும் தொலைவில் வேலை செய்பவர் பண்ணைக்குச் சீட்டு வாங்கி வருபவரல்லர். அவரிடம் பண்ணைதான் போகவேண்டும். வெட்டுப் பருவம் தொடங்குமுன் ஆலை வாசலில் ஒரு மேசை, நான்கு பாம்புகளின் படம், அருகிலுள்ள மருத்துவமனையின் தொலைபேசி எண், சொல்லத் தெரிந்த ஒருவர். இவ்வளவு போதும். அந்த ஒருவர் இப்பகுதி இருளராக இருந்து, அதற்குரிய ஊதியமும் பெற்றால், தொண்டு என்ற சொல்லின் பழைய கடன் ஒன்றும் தீரும். கரும்புக்கு முன்பணம் பேசும் நாளிலேயே இதனையும் பேசத் தொடங்கலாம் என்பது நம் கருத்து.