திறந்திருந்தால்: பெரியாற்று வெள்ளமும் கணினி ஒப்புருவாக்கமும்

இடக்கொச்சியைச் சூழ்ந்துள்ள காயல் நீர் கொச்சி முகத்துவாரத்தின் வழியாகக் கடலைச் சேர்கிறது. ஆலுவாவில் பிரியும் பெரியாற்றின் ஒரு கிளையும் இக்காயலில்தான் வந்து கலக்கிறது. ஆகவே மலையில் ஒரு மதகு எப்போது திறக்கப்படுகிறது என்பது இக்கரையோர மக்களின் வரலாற்றிலும் ஒரு பகுதி.

நீர்த்தேக்கங்களைக் கணினியில் இயக்கிப் பார்க்கும் முறை பழையது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1953இல் மிசௌரி ஆற்றின் ஆறு நீர்த்தேக்கங்களை இவ்வாறு ஆராய்ந்தது. 1962இல் ஹார்வர்ட் அறிஞர்களின் நூல் இம்முறையைத் திட்டமிடலின் கருவியாக நிலைநிறுத்தியது. எவ்வளவு இடத்தை நீருக்கு ஒதுக்குவது, எவ்வளவு இடத்தை வெள்ளத்துக்காகக் காலியாக வைப்பது என்பதே அதன் அடிப்படைக் கேள்வி.

1976இல் திறக்கப்பட்ட இடுக்கி அணை மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டது. அதன் நீரால் இயங்கும் மூலமற்றம் நிலையத்தின் திறன் 780 மெகாவாட். மின் உற்பத்திக்கு நிறைந்த அணை செல்வம். வெள்ளத் தடுப்புக்கோ காலியிடமே செல்வம். இம்முரண் 2018இல் வெளிப்பட்டது. ஆகஸ்ட் 9 அன்று செருதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. 15 முதல் 17 வரையிலான மூன்று நாள்களில் கேரளத்தில் சராசரியாக 414 மில்லிமீட்டர் மழை பெய்தது.

பழி யாருடையது என்ற வழக்கு உடனே எழுந்தது. முல்லைப் பெரியாற்றிலிருந்து திடீரென நீர் திறக்கப்பட்டதும் ஒரு காரணம் எனக் கேரளம் உச்ச நீதிமன்றத்தில் கூறியது, தமிழ்நாடு மறுத்தது. அணைகள் வெள்ளத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை என்றது மத்திய நீர் ஆணையம். கேரள உயர் நீதிமன்றம் நியமித்த நீதிமன்ற நண்பரோ 2019 ஏப்ரலில் அணை நிருவாகத்தைக் குறைகூறினார்.

மொழியியல் மாணவனாகிய எனக்கு இவ்விவாதம் முழுவதும் ஒரே வினைவடிவத்தில் நடந்ததாகத் தோன்றுகிறது: ‘திறந்திருந்தால்’. நடவாத ஒன்றை நிபந்தனையாக்கும் இவ்வாக்கியத்தைச் சாட்சியால் நிறுவ முடியாது, கணக்கிட்டுப் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த கே. பி. சுதீர் உள்ளிட்டோர் 2019இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் அதைச் செய்தனர். அணையை முன்கூட்டியே காலிசெய்திருந்தாலும் உச்ச வெள்ளம் 16 முதல் 21 விழுக்காடு மட்டுமே தணிந்திருக்கும் என்பது அவர்கள் முடிவு. வெள்ளத்தின் பெரும்பகுதி, அணையே இல்லாத இடைநிலை நீர்ப்பிடிப்புகளிலிருந்தும் வந்தது.

‘மட்டுமே’ என்னும் இடைச்சொல்லில்தான் அரசியல் இருக்கிறது. அணையைக் காக்க விரும்புவோருக்கு இவ்வெண் விடுதலைத் தீர்ப்பு. சமவெளியில் வாழ்பவருக்கோ, ஐந்தில் ஒரு பங்கு தணிவது வாசற்படிக்கும் சன்னலுக்கும் இடையிலான வேறுபாடாகவும் இருக்கக்கூடும். மாதிரி அளவைத் தருகிறது. அவ்வளவு போதுமா என்பதை மனிதர்களே முடிவுசெய்ய வேண்டும்.

பின்னர் இடுக்கிக்கும் ரூல் கர்வ் வந்தது: எந்தக் காலத்தில் எவ்வளவு நீரைத் தேக்கலாம் என்னும் வரம்பு. 2021 அக்டோபர் 19 அன்று மதகுகள் திறக்கப்பட்டபோது அவ்வரம்பும் மழை முன்னறிவிப்பும் முடிவுக்கு அடிப்படையாயின. மிசௌரியில் திட்டமிடப் பிறந்த கருவி, பெரியாற்றில் முதலில் பிரேதப் பரிசோதனைக்கே பயன்பட்டது. ‘திறந்திருந்தால்’ என்பதை ‘திறந்தால்’ என மாற்றிக் கேட்க நமக்கு ஒரு பெருவெள்ளம் தேவைப்பட்டது.