புலம்பெயர் சீனருக்கு வழங்கும் உள்ளூர்ப் பெயர்கள்

சீனாவிலிருந்து பிற நாடுகளில் குடியேறியவர்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அந்தந்த நாட்டில் வழங்கும் பெயர்கள் இவை. ‘சீனர்’ என்ற பொதுப் பெயருக்கு அப்பால், பிறந்த மண், தொழில், அரசப் பற்று போன்றவற்றால் அமைந்தவை.

மலாய் உலகில் அறியப்பட்ட பெயர் பெரனாக்கான். ‘அனாக்’ (பிள்ளை) என்ற மலாய்ச் சொல் இதன் அடி. அயல்வழியில் வந்து உள்ளூரில் பிறந்த எவரையும் குறித்த சொல் இது. சீனருக்கு மட்டும் உரியதன்று. இந்திய முஸ்லிம்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினர் ஜாவி பெரனாக்கான் எனப்பட்டனர். 1876இல் சிங்கப்பூரில் அப்பெயரிலேயே மலாய் வார இதழ் தொடங்கியது. தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகளும் பெரனாக்கான்களே. இன்று அடைமொழியின்றிச் சொன்னால் பெரும்பாலும் சீன வழியினரையே குறிக்கும். அவர்களில் ஆண்கள் ‘பாபா’, பெண்கள் ‘நியோன்யா’. முன்னது இந்தியா வழி வந்த பாரசீக மரியாதைச் சொல். பின்னது போர்த்துக்கீசியரின் ‘டோனா’விலிருந்து வந்தது என்பர். ஆக, இம்மூன்றில் ஒன்றுகூடச் சீனச் சொல் இல்லை. புதிதாகக் கப்பலிறங்கியவருக்கு இட்ட ‘சிங்கே’ (புது விருந்தாளி) மட்டும் ஹொக்கியன் என்னும் சீனக் கிளைமொழிச் சொல். ஜாவாவில் அவர்களைத் ‘தோத்தோக்’ என்றனர்.

ஸ்பானியர் ஆண்ட பிலிப்பீன்சில் சீனர் ‘சங்லே’ எனப்பட்டனர். வணிகம் எனப் பொருள்படும் ஹொக்கியன் சொல் ‘செங்லி’யே மூலம் என்பது பரவலான விளக்கம். ஆனால் 1590 வாக்கில் மணிலாவில் உருவான பாக்சர் சுவடி வேறு கதை சொல்கிறது. அதன் வண்ண ஓவியங்களில் ‘சங்லே’ என்ற பெயருக்குரிய சீன எழுத்துகள் ‘அடிக்கடி வருபவர்’ என்று பொருள் தருகின்றன. ஆண்டுதோறும் பருவக்காற்றில் வந்து சரக்கு விற்றுத் திரும்பியவர்களுக்கு இரண்டுமே பொருந்தும். ஆயினும் காலத்தால் முந்திய சான்றை எளிதில் தள்ளிவிட முடியாது. உள்ளூர்ப் பெண்களை மணந்தோரின் பிள்ளைகள் ‘மெஸ்தீசோ தெ சங்லே’ எனத் தனி வரிப்பிரிவில் வைக்கப்பட்டனர். பிலிப்பீன்சின் தேசிய வீரர் ஹோசே ரிசாலும் இவ்வழியில் வந்தவரே; அவருடைய தந்தைவழி மூதாதை டொமிங்கோ லாம்கோ சீனாவின் ஃபூஜியானிலிருந்து வந்தவர்.

வியட்நாமின் ‘மின் ஹுவோங்’ அரசியலில் பிறந்த பெயர். 1644இல் பெய்ஜிங் மஞ்சுக்கள் வசமானபின் தப்பி வந்த மிங் அரசமரபின் பற்றாளர், தம் வழிபாடு அணையாதிருக்க வேண்டி ‘மிங் நறும்புகை’ என்று பெயர் கொண்டனர். 1827இல் மின் மாங் மன்னர் ஆட்சியில் ஒலி மாறாமல் எழுத்து மட்டும் மாற்றப்பட்டு, அது ‘மிங் ஊர்’ ஆயிற்று. வீழ்ந்த வமிசத்துக்குப் புகையிட்டவர்கள் இவ்வாறு ஏட்டில் வெறும் ஊர்க்காரர்களாயினர். பின்னாளில் மஞ்சுக்களின் சிங் ஆட்சிக் காலத்தில் வந்தவர்கள் இவர்களோடு சேர்க்கப்படவில்லை.

பெருவில் 1849 முதல் சீனக் கூலிகள் இறங்கினர். அவர்களின் வழித்தோன்றல்கள் ‘துசான்’ எனப்படுகின்றனர். ‘மண்ணில் பிறந்தவர்’ என்னும் சீனத் தொடர் ஸ்பானிய நாவில் திரிந்த வடிவம் அது.