வாத்துக்குஞ்சின் தொண்டை

கோழிக்குக் கழுத்தடியில் தீனிப்பை பந்துபோல உருண்டு நிற்கும். தொட்டுப் பார்த்தாலே தின்றதா, பட்டினியா என்று தெரிந்துவிடும். வாத்துக்கு அந்தப் பை கிடையாது. உணவுக்குழலே கீழ்ப்பக்கம் சற்று அகன்று, தின்றதைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் வாத்து ஒரு வாய் தீனி எடுத்தால் உடனே ஒரு வாய் தண்ணீருக்கு ஓடுகிறது. தண்ணீர் எட்டாத இடத்தில் உலர்ந்த தவிட்டையோ மாவுத் தீனியையோ வைத்தால், அது அலகிலும் தொண்டையிலும் பசையாக அப்பிக்கொள்ளும். பொரித்து இரண்டு மூன்று நாளே ஆன குஞ்சு அதிலேயே திணறிச் செத்துப்போகும்.

ஆரணி, போளூர், செய்யாறு பக்கத்தில் வாத்து மேய்த்தவர்கள் இந்தத் தொண்டையை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பிருந்தே, அந்த வட்டாரத்துக் கிளை நிலையங்களில் கால்நடை ஆய்வாளராக இருந்தவன் நான். மாட்டுக்கு ஊசி போடப் போகிற வழியில் ஏரிக்கரையில் வாத்துப் பட்டி கண்ணில் பட்டால் சைக்கிளை நிறுத்திவிடுவேன். குஞ்சு வளர்ப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அங்கே, அநேகமாக இருளர் பெண்களிடம் கற்றது.

ஒருமுறை ஒரு குஞ்சு கழுத்தை நீட்டி நீட்டித் தலையை உதறிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சட்டிக்குப் போகும், அலகை முக்கும், விழுங்காமல் திரும்பிவிடும். நான் பையிலிருந்த பீச்சாங்குழலை எடுத்தேன். பட்டியில் இருந்த அம்மா தடுத்தார். “தொண்டையில தண்ணி ஊத்தாதீங்க சார், மூச்சுல ஏறிடும்.” குஞ்சை முந்தானையில் சுற்றி, இறக்கை அசையாமல் இடது கையில் நிமிர்த்திப் பிடித்தார். அலகின் ஓரத்தை நகத்தால் நெம்பித் திறந்து வெயிலுக்குக் காட்டினார். நாக்கின் அடியில் வலை நூல் ஒன்று சுற்றியிருந்தது. ஒரு முனை வெளியே, மறுமுனை உள்ளே. நூலை அவர் இழுக்கவில்லை. சுற்றை மட்டும் விலக்கி, வெளியே தெரிந்ததைக் கத்தரித்தார். அலகின் ஓரமாக ஒரு சொட்டு நல்லெண்ணெய். பிறகு சுண்டுவிரலால் கழுத்தின் வெளிப்புறத்தை மேலிருந்து கீழாக மெல்ல நீவினார். குஞ்சு தானாக விழுங்கியதும் கீழே விட்டார். விழுங்கப்பட்ட நூலை இழுத்தால் உள்ளே அறுத்துவிடும் என்பதும், மூச்சுக்குழலின் வாய் நாக்குக்கு நேர் பின்னாலேயே இருப்பதால் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும் என்பதும் பறவை உடற்கூறு படித்தவர்கள் சொல்லும் காரணங்கள். அந்த அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை.

இந்தக் கவனிப்பு இல்லாமல் அந்தத் தொழில் ஒரு பருவம்கூட ஓடியிருக்காது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், குஞ்சு பொரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆரணி வாத்தில் சன்னியாசி, கீரி என்று இரண்டு வகை சொல்வார்கள். மந்தையில் நடந்துகொண்டே முட்டையிடும் வாத்துகள் இவை. அடைகாக்க உட்காருவது அபூர்வம். எனவே முட்டைகளை அடைக்கோழிக்கு வைப்பார்கள். ஒரு நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு வாத்து முட்டையை அணைக்கும். கோழிமுட்டை பொரிய 21 நாள், வாத்துமுட்டைக்கு 28 நாள். கடைசி வாரத்தில் கோழி சலித்து எழுந்து போகாமல் பார்க்க வேண்டும். வாத்து முட்டைக்கு ஈரம் அதிகம் தேவை என்பதால் அந்த நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்தும் கொடுப்பார்கள்.

பொரித்த பிறகுதான் உண்மையான சிக்கல். கோழித்தாய் குஞ்சுக்குக் கொத்திக் காட்டுவதெல்லாம் உலர்ந்த தானியம். வாத்துக்குஞ்சின் தொண்டைக்கு அது ஆகாது. தாய்வாத்தின் இறகு எண்ணெய் உடம்பில் ஏறாத குஞ்சு என்பதால், தண்ணீரில் இறங்கினால் நனைந்து விறைத்துவிடும். விறைத்த குஞ்சும் விழுங்காது. தண்ணீர் இல்லாவிட்டாலும் சாவு, தண்ணீரில் ஊறினாலும் சாவு. இதற்கு வாத்துக்காரர்கள் கண்ட வழி அகலமான மண்சட்டியும் கூழாங்கல்லும். சட்டி நிறையக் கல்லை அடுக்கி, இடுக்கில் தண்ணீர் நிற்கும்படி ஊற்றுவார்கள். அலகும் மூக்குத் துளையும் முழுகும் அளவுக்கு ஆழம் இருக்கும், உடம்பு நனையாது. மூக்கை முக்கிக் கழுவிக்கொள்ள முடியாத குஞ்சுக்கு அந்தத் துளைகள் தீனிப் பசையால் அடைத்துக்கொள்ளும் என்பதால் அந்த ஆழம் முக்கியம்.

முதல் நாள் தீனி வைக்க அவசரப்பட மாட்டார்கள். முட்டையின் மஞ்சள் கருவில் மிச்சம் வயிற்றுக்குள் உறிஞ்சப்பட்டிருக்கும், அது போதும். அடுத்து நொய்யைக் குழைய வேகவைத்து, கஞ்சியை வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, பருக்கை பருக்கையாகப் பிரித்துப் போடுவார்கள். அலசாவிட்டால் அண்ணத்தில் ஒட்டும். சில பட்டிகளில் வேகவைத்த கேழ்வரகு. சில நாள் கழித்து நசுக்கிய நத்தை, பொடிமீன். நெல்லைத் தானாகப் பொறுக்கும் வயது வந்ததும் வயலுக்கு ஓட்டுவார்கள்.

வயல்தான் இந்தத் தொழிலின் நாள்காட்டி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று வடக்கு மாவட்டங்களில் அறுப்பு மாறி மாறி வரும். அறுத்த வயலில் உதிர்ந்த நெல்லும் நத்தையும் பூச்சியும் நண்டும் வாத்துக்கு. ராத்திரிக் கிடையின் எரு நிலக்காரருக்கு. பொழுது விடியும் முன்னே இட்டுவிடும் முட்டைகள் மேய்ப்பவருக்கு. ஒரு பக்கம் அறுப்பு ஓய்ந்தால் தெற்கே தஞ்சாவூர் டெல்டா, வடக்கே நெல்லூர், மேற்கே பாலக்காடு என்று மந்தை நகரும். முன்பு கால்நடையாகப் போனது, பின்னாளில் தட்டு அடுக்கிய லாரியில் போனது. குஞ்சுகள் மட்டும் எப்போதும் அகலமான மூங்கில் கூடைகளில், பெண்கள் தலையில். வழியில் நிழல் கண்ட இடமெல்லாம் கூடையை இறக்கி, சட்டியில் தண்ணீர் வைத்து, யார் குடிக்கவில்லை என்று பார்த்த பிறகே தூக்குவார்கள்.

1960-களின் கடைசியில் ஐ.ஆர். 8 போன்ற குறுகிய கால நெல் வந்தது. கிணற்றுக்கெல்லாம் பம்ப்செட் வந்தது. ஊருக்கு ஊர் அறுப்புக் காலம் கலைந்ததில் வாத்துக்கு மேய்ச்சல் கூடியது. கூடவே வயலில் பூச்சிமருந்தும் வந்தது. மருந்து போட்ட வயல் எது என்று கேட்காமல் மந்தையை இறக்கக் கூடாது என்ற விதி அதற்குப் பிறகு சேர்ந்தது. மேய்ப்பவர்களில் மூத்தவர் ஒருவர் வரப்பு வரப்பாகப் போய் நிலக்காரரை விசாரித்துவிட்டு வருவார்.

உலகில் வேறு இடங்களிலும் இப்படி நடக்கும் வாத்துகள் உண்டு. 1856-இல் லொம்போக் தீவுக்குப் போன ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ், அங்கே பென்குவின் போல நிமிர்ந்து நடக்கும் வாத்துகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தத் தீவுகளின் வாத்தைத்தான் ஆங்கிலேயர் ‘இந்தியன் ரன்னர்’ என்றார்கள். இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷரில் அடீல் காம்ப்பெல் என்ற பெண்மணி ரன்னரைப் பிற வாத்துகளோடு கலந்து, 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் காம்ப்பெல் இனத்தை உருவாக்கினார். அதிலிருந்து வந்த காக்கி காம்ப்பெல், நல்ல தீனி கிடைத்தால் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் மத்திய வாத்துப் பண்ணை அந்த இனத்தைப் பெருக்கி நாடெங்கும் அனுப்பியது. அது நல்ல வாத்து. ஆனால் அது வந்தபோது கூடவே வந்த வளர்ப்பு முறை பண்ணைக்கானது, மூட்டைத் தீனிக்கானது. ஆரணிப் பக்கத்தில் மூட்டைத் தீனியை வாங்கிப் போட்ட சிலருக்கு முதல் வாரத்திலேயே குஞ்சுகள் அலகு அடைத்துச் செத்தன. தீனியைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஒரு வேளைக்கு ஆகிற அளவே வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தொண்டைக்குள் இறங்குவது எது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். எங்கள் பக்கம் மணிலாப் பயிர் பூமி, கடலைப் புண்ணாக்குக்குப் பஞ்சமில்லை. அதே புண்ணாக்கு மழையில் நனைந்து பூசணம் பிடித்தால் வாத்துக்குஞ்சுக்கு நஞ்சு. உலகம் இதை 1960-இல்தான் தெரிந்துகொண்டது. அந்த ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுக்குள் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். வாத்துக்குஞ்சுகளும் அந்தச் சாவில் சிக்கின. இந்த நஞ்சுக்கு வாத்துக்குஞ்சைப் போல எளிதில் சாய்கிற உயிர் குறைவு என்பதால், தீனியில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வகங்களில் குஞ்சுகளையே பயன்படுத்தினார்கள். அந்த நஞ்சு ஏறிய குஞ்சு முதலில் தீனியை மறுக்கும். பிறகு தள்ளாடும், கழுத்து பின்னால் வளையும். தொண்டை அடைப்பு என்று நினைத்து எண்ணெய் விட்டு நீவிக்கொண்டிருந்தால் பிழைக்காது. புண்ணாக்கை உடனே நிறுத்துவது ஒன்றே வழி.

இன்னொன்று வாத்து பிளேக். நெதர்லாந்தில் 1923-இல் முதலில் கண்டறியப்பட்ட நச்சுயிரி நோய் இது. இந்தியாவில் 1960-களில் மேற்கு வங்கத்தில் கண்டறிந்து பதிவு செய்தார்கள். மந்தைகள் நகர்கிற வழியெல்லாம் தெற்கேயும் பரவியது. கண்ணில் நீர் வடியும், வெளிச்சம் கூசும், தாகம் அடங்காது, தீனி இறங்காது. செத்த வாத்தின் உணவுக்குழலை நீளவாக்கில் கத்தரித்துப் பிரித்தால், மடிப்புகளின் ஓரமாக மஞ்சள் நிறத்தில் செதில் செதிலாகப் படலம் ஒட்டியிருக்கும், சுரண்டினால் அடியில் புண். முதன்முதலாக அதைப் பார்த்தபோது, இந்த வாத்து கடைசி நாட்களில் ஒரு பருக்கையை விழுங்க என்ன பாடுபட்டிருக்கும் என்ற எண்ணம் என்னை விட்டு நெடுநாள் போகவில்லை. இதற்கு மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. இடம் மாறிக்கொண்டே இருக்கிற மந்தைக்கு, எந்த ஊர்க் கணக்கில் ஊசி போடுவது என்ற கேள்வியிலேயே பல பருவங்கள் வீணாகக் கழிந்தன. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

இந்தத் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னொன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வாத்து பெரும்பாலும் மேய்ப்பவருடையது அல்ல. முதலாளி முன்பணம் கொடுப்பார். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய அந்தப் பணத்துக்காகக் குடும்பமே மந்தையோடு போகும். சில வீடுகளில் பிள்ளையை மட்டும் அனுப்பிவிடுவார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. வாத்து மேய்க்க விடப்பட்ட இருளர் பிள்ளைகளை வருவாய்த் துறையினர் மீட்ட செய்திகள் அண்மை ஆண்டுகளிலும் வந்திருக்கின்றன. குஞ்சுப் பட்டியில் உட்கார்ந்து கண் இமைக்காமல் பார்த்திருப்பது கூலி கேட்காத அந்தப் பிள்ளைகளின் வேலை.

போளூர் பக்கத்தில் ஒரு பையன், பத்து வயதுக்கு மேல் இருக்காது, நூற்றுக்கணக்கான குஞ்சுகளின் நடுவிலிருந்து விழுங்க முடியாததைத் தனியாகப் பிரித்தெடுப்பான். எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டேன். “தண்ணியில வாய வெச்சுட்டு மேல தலைய தூக்கணும் சார். தூக்காம சும்மா சும்மா வெச்சிகினே இருந்தா உள்ள போவல.” அலகின் ஓரத்தில் காய்ந்த தீனி ஒட்டியிருப்பது, மற்றவை தூங்கும்போது இது மட்டும் நிற்பது, பின்பக்கம் எச்சத்தில் பருக்கை நிறம் வராதது என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். எங்கள் பயிற்சியில் ஒருவரும் இதைச் சொல்லித்தந்ததில்லை. அவனுடைய அப்பா வாங்கிய முன்பணம் எவ்வளவு என்று முதலாளியிடம் கேட்டேன். அந்த மந்தை அடுத்த வாரமே வேறு ஊருக்குப் போய்விட்டது. பையனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இப்போது பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகள் அட்டைப்பெட்டியில் வருகின்றன. வீட்டில் நாலு வாத்து வளர்க்கலாம் என்று வாங்கியவர்கள் எனக்குப் போன் செய்து, குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, தின்ன மாட்டேன் என்கிறது என்பார்கள். முதலில் உடம்பு சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்வேன். சில்லிட்டிருந்தால் தீனி கொடுக்கவே கூடாது, விளக்கின் வெதுவெதுப்பு முதலில். பிறகு வெளிச்சத்தில் வாயைத் திறந்து நூல், முடி, புல் ஏதாவது இருக்கிறதா பார்க்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரை அலகின் நுனியில் வைத்து, அதுவாக உறிஞ்சும்வரை காத்திருக்க வேண்டும். உலர்ந்த தீனியை எடுத்துவிட்டு அலசிய நொய்ச்சோறு வைக்க வேண்டும். வாயில் வெண்படலமோ புண்ணோ தெரிந்தால், கழுத்து தொய்ந்து தரையில் கிடந்தால், கைவைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

கால்நடை அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மாவட்டங்களில் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. நாங்கள் அங்கே வாத்து வளர்ப்பு வகுப்பு எடுத்தால் பயணப்படியும் மதிப்பூதியமும் கிடைக்கும். முதல் பத்து நாள் குஞ்சுப் பராமரிப்பு என்ற ஒரு பாடத்துக்காவது ஏரிக்கரைப் பட்டிகளில் வேலை செய்த இருளர் பெண்களை அழைத்து, மேசை அருகே நாற்காலி போட்டு, எங்களுக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுத்துப் பாடம் நடத்தச் சொல்ல வேண்டும். ஆரணி வட்டத்தில் மட்டுமே இன்றைக்கு அப்படி நான்கைந்து பேரை என்னால் அழைத்து வர முடியும்.