சன்னல், தள மூலைகளில் வெடிப்பு: குறுக்குக் கம்பி ஏன் தேவை?

ரப்பர் ஆய்வுக் கழகத் தோட்டம் இருந்த சுங்கை பூலோவில் இன்று தாமான் வீடுகளே அதிகம். வரிசை வீட்டின் சமையலறையைப் பின்னால் நீட்டுவதும், முன்னால் கார் நிறுத்த கான்கிரீட் தளம் போடுவதும் அங்கு வழக்கமான வேலை. சேமிப்பைக் கரைத்துக் கட்டிய இடத்தில் சில மாதங்களிலேயே வெடிப்பு விழுந்தால் யாருக்கும் மனம் பொறுக்காது.

உற்றுப் பார்த்தால், வெடிப்பு பெரும்பாலும் சன்னல், கதவு, மேன்ஹோல் போன்ற திறப்புகளின் மூலையில் தொடங்கி, சுமார் 45 பாகைச் சாய்வில் ஓடியிருக்கும். வீட்டுச் சுவரைச் சுற்றி ‘எல்’ வடிவில் போடும் தளத்தின் உள்மூலையிலும் இதே கதைதான்.

கான்கிரீட் காயும்போது சுருங்குகிறது. பாரத்தை நன்றாகத் தாங்கும் அது, இழுப்பைத் தாங்குவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வலிமையே உடையது. திறப்பு குறுக்கிட்டால், இழுவிசை அதைச் சுற்றிப் போகும்போது கூரான மூலையில் குவிந்துவிடுகிறது. உலோகமும் இதற்கு விலக்கல்ல. சிங்கப்பூரிலிருந்து லண்டன் செல்லும் வழியில் 1954 ஜனவரியில் எல்பா தீவருகே விழுந்த கோமெட் விமானம், கூரைத் திறப்பொன்றின் மூலையருகே தொடங்கிய வெடிப்பால்தான் பிளந்தது.

“பி.ஆர்.சி. வலை போட்டாச்சே” என்பது குத்தகையாளர்களின் வழக்கமான பதில். 6 மில்லிமீட்டர் கம்பிகள் 200 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்த வலையில், மூலைக்கு நேராகக் கம்பியே இல்லாமல் போகலாம். மேன்ஹோலுக்காக வலையை வெட்டினால் இன்னும் குறையும். வெட்டிய கம்பிகளுக்கு ஈடாகத் திறப்பின் ஓரங்களில் கூடுதல் கம்பி வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் சுமார் 1.2 மீட்டர் நீளமுள்ள இரண்டு 12 மில்லிமீட்டர் கம்பிகளை, வெடிப்பு ஓடக்கூடிய திசைக்குக் குறுக்கே சாய்வாகக் கட்டுவது பரவலான முறை. சரியான அளவைப் பொறியாளரின் வரைபடமே சொல்லும். தளம் மேலிருந்து காய்வதால் கம்பி மேல்பாதியில் இருக்க வேண்டும். மண்ணில் கிடந்தால் வீண்.

செங்கல் சுவரில் சன்னலுக்கு மேலுள்ள லிண்டல், இருபுறமும் குறைந்தது 150 மில்லிமீட்டர் சுவரில் உட்கார வேண்டும்.

கம்பி வெடிப்பை அடியோடு தடுக்காது. மயிரிழை அளவில் பிடித்து வைக்கும். கலவையில் தண்ணீரைக் கூட்டினால் சுருக்கமும் கூடும். வெயிலில் விடாமல், ஈரச் சாக்கு மூடி 7 நாள் நனைப்பதும் அவசியம்.

பழைய வீட்டை விட்டுப் புதிய சமையலறை விலகினால், அது பெரும்பாலும் நிலம் தாழ்வதால் வருவது. மூலைக் கம்பியால் தீராது. வெடிப்பு அகன்றுகொண்டே போனாலோ, கதவு மூட மறுத்தாலோ, பூசி மறைக்காமல் பொறியாளரை அழைக்க வேண்டும்.