கப்பலும் கோயமுத்தூரும்

கோயமுத்தூர்க்காரனுக்குக் கப்பலைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று நண்பர் ஒருவர் கேட்டார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பஞ்சும் பம்ப்செட்டும்தானே! ஆனால் பொள்ளாச்சிக்கு மேலே டாப்சிலிப் இருக்கிறதே, அந்த ஆனைமலைக் காட்டுத் தேக்கு 1850-களில் பம்பாய்க் கப்பல் பட்டறைக்குத்தான் போயிற்று. யானைகள் இழுத்துவந்த மரத்தை மலைச்சரிவில் உருட்டிவிடுவார்கள். ஊருக்கு அந்தப் பெயர் வந்ததே அப்படித்தான்.

அந்தப் பம்பாய்ப் பட்டறை லேசுப்பட்டதல்ல. வாடியா என்ற பார்சிக் குடும்பத்தார் 1817-இல் மலபார்த் தேக்கில் கட்டிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் மிதக்கிறது. பிறகு மரம் போய் இரும்பு வந்தது. பாய் போய் நீராவி வந்தது. இரும்பும் இயந்திரமும் வெள்ளைக்காரன் கையில். நம் தச்சனின் உளிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இது எங்கே வந்து உறைத்தது தெரியுமா? தூத்துக்குடியில். 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். முதலில் வாடகைக் கப்பல். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கவே, உடையவர் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கப்பலோடுதான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையவர்கள் பம்பாய்க்குப் போனார். 1907-இல் 'காலியா', 'லாவோ' இரண்டும் வந்து சேர்ந்தன. இரண்டும் சீமையிலிருந்து விலைக்கு வாங்கியவை. பணம் திரட்டலாம், ஆள் திரட்டலாம். கட்டித்தரச் சுதேசிப் பட்டறைக்கு எங்கே போவது?

எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் இலவசப் பயணம், கையில் ஒரு குடை வேறு! 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் கைதானார். ஜூலையில் எங்கள் ஊர்ச் சிறைக்கு வந்து செக்கிழுத்தார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-இல், கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை.

1948 மார்ச் 14-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் வால்சந்த் ஹீராசந்தின் கம்பெனி கட்டிய 'ஜல உஷா'வை நேரு கடலில் இறக்கினார். 1981-இல் கொச்சியில் 'ராணி பத்மினி' உருவாயிற்று. கொச்சி எங்களுக்கு அடுத்த வீடு மாதிரி. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். ஆனாலும் இன்று உலகத்துக் கப்பல்களில் பத்துக்கு ஒன்பது பங்கைச் சீனாவும் கொரியாவும் ஜப்பானுமே கட்டுகின்றன. நம் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் 2,700-க்கு மேல் 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்களைக் கட்டித் தள்ளிய அமெரிக்காவுக்கும் இன்று அதே கதிதான்.

நாம் கட்டும் பெரிய கப்பல்களுக்குப் பிரதான இயந்திரம் இன்னும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. பம்ப்செட்டு ஊர்க்காரனான எனக்கு அதுதான் உறுத்துகிறது.